பாறையில தொங்குது

கிளிநொச்சி காமென்ஸில
எங்கட லைன் சூப்பவைசருக்குப் பேர் வண்டு.
தலைக்கு மேல சுத்திக்கொண்டே நிப்பான்.
ஒண்டும் செய்யமாட்டான், பாப்பான்.
அவன் பாத்துப் போய்க் கொஞ்ச நேரத்தில
ஒருத்தியின்ர தலையில விழும்.

கொழும்பிலயிருந்து மாசத்துக்கொருக்கா வாற
பெரிய மனேச்சர், கிபிர்.
வாறதும் தெரியாது, போறதும் தெரியாது.
சத்தம் பிறகுதான் வரும்,
ஓவர்டைம் வெட்டின கடிதமாய்.

கக்கூசுக்குப் பங்கர்.
"பங்கருக்குப் போட்டு வாறன்" எண்டு
மெசினை நிப்பாட்டிப்போட்டு ஓடுற டிலக்சனாவுக்கு
பதினெட்டு முடியேல்லை இன்னும்.
அவளுக்கு முதல் பல்லு முளைச்சதே
பங்கருக்குள்ளதான்.
தாய் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.
கடி வாங்கினதும் தாய்தானே.

நிரூபாவுக்குக் கலியாணம்.
போன மாசம் பஸ்ஸில பாத்தவன்,
இந்த மாசம் கூறை எடுத்தாச்சு.
"பாட்டை வெட்டிப்போட்டாங்கள்" எண்டாள் கௌரிமலர்.
லைன் முழுக்கச் சிரிச்சது.
அந்த நாளில எங்களுக்கு வந்த படமெல்லாம்
காதல் பாட்டு வெட்டித்தான் வந்தது.
கதாநாயகி கிணத்தடியில குடத்தோட நிப்பாள்,
அடுத்த நிமிசம் பிள்ளைக்குப் பேர் வைப்பினம்.
குடத்துக்குள்ளயிருந்துதான் பிள்ளை வாறதாக்கும் எண்டு
கனகாலம் நினைச்சிருந்தன்.

லீசிங் காசு? தொங்குது.
வீட்டுத்திட்டத்துக் கூரை? தொங்குது.
கௌரிமலரின்ர மனுசன் கட்டாருக்குப் போற அலுவல்?
பாறையில தொங்குது.
பாறையும் சேந்து வந்தால் இன்னும் மோசம்,
இனி ஒருத்தரும் கை குடுக்கமாட்டினம்.
மன்னாரிலயிருந்து வந்த புதுப்பிள்ளை கேட்டாள்:
எந்தப் பாறையடி?

தருமபுரத்தில,
பதினாலு இஞ்சி ரீவிக்குள்ள இருந்த பாறை.
தடைக் காலம். ரிக்கற் எண்டால்
ஆளுக்கு அரைப் போத்தில் மண்ணெண்ணெய்.
எண்ணெயில ஜெனரேற்றர் ஓடும்,
அது ஓடினால் டெக் ஓடும்,
டெக் ஓடினால் கதாநாயகன் ஓடுவான்.
ஓடி ஓடிப் போய் மலை விளிம்பில சறுக்கி
ஒரு கையால பாறையைப் பிடிச்சுத் தொங்கேக்க
ஜெனரேற்றர் இருமிச்சு. மூண்டு தரம்.
பிறகு இருட்டு.
இருநூறு பேர், அவனை அப்பிடியே விட்டிட்டு
சைக்கிளைத் தடவித் தடவிப் போனம்.

விடிய சங்கக்கடை வரிசையில
"மா வந்திட்டுதோ?" எண்டு கேட்ட மனுசிக்கு
ஆரோ சொல்லிச்சினம், அதுவும் தொங்குது.

பிறகு எத்தினை இடம்.
டெக்கை விட்டம், ரீவியை விட்டம்,
கழட்டின தகரத்தை ஆத்தங்கரையில விட்டம்.
இந்தச் சொல்லை ஒருத்தரும் மூட்டையில கட்டேல்லை,
அது தானாய் வந்தது.

எண்ணெயில தண்ணி கலந்திருக்கு எண்டு
ஜெனரேற்றர்காரச் சிவபாதம் அண்டைக்குத் துள்ளினவர்.
ஆரெண்டு பிடிபடேல்லை.

சின்னண்ணை.
வாற வழியில, வாய்க்காலடியில, எனக்கு முன்னால.
பாதியை வேறை போத்திலுக்கு மாத்தி
பத்தைக்குள்ள ஒளிச்சவன். சோதினை வருது,
இரவில படிக்க விளக்கு வேணும்.
"சொன்னியெண்டால் பார்" எண்டவன்.
நான் இன்னும் சொல்லேல்லை.

இப்ப கந்தோரில படிவம் தருவினம்.
அவன்ர பேருக்கு நேர ஒரு கட்டம்.
என்ன பிள்ளை எழுதிறது எண்டு அம்மா கேப்பா
ஒவ்வொரு முறையும்.
எனக்கு வாற சொல்லு
அந்தக் கட்டத்துக்கு ஆகாது.

போன வெள்ளி, சாப்பாட்டு நேரம்,
டிலக்சனா ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.
அக்கா, நீங்கள் சொன்ன அந்தப் படம்!
முழுசாய் இருக்கு. பாட்டெல்லாம் இருக்கு.
இந்தா, மலை வருது, கெதியா வாங்கோ.

பங்கருக்குப் போட்டு வாறன் எண்டு எழும்பினன்.

பைப்பைத் திறந்துவிட்டும்
அங்க பிள்ளையள் கைதட்டினது கேட்டது.

கதவுக்கு வெளியில வண்டு.
ஏழு நிமிசம், எண்டான்.